ஈயக்கட்டி வந்த பாதை

எங்கள் சேத்தூரில் சக்கரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வெகுகாலம் யாருக்கும் வரவில்லை. சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும், அச்சில் ஆடாமல் சுற்ற வேண்டும், இரும்புப் பட்டா கழன்று விழக்கூடாது. அவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட ஒரு பலம் கனம் கூடுதலா என்று தராசு பிடித்தவர் எவரும் இல்லை. இன்று என் வீல் பேலன்சிங் கடையில் 5 கிராம் வித்தியாசத்துக்கு மெஷின் கத்துகிறது. மெஷின் வந்ததால்தான் இந்த வேலையே வந்தது என்று பல வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். கடைக்காரன் பிழைப்புக்காகக் கண்டுபிடித்த வேலை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சக்கரம்தான் சோறு போடுகிறது. தாத்தா மரச்சக்கரத்தில் வேலை பார்த்தார், அப்பா ரப்பரில், நான் சக்கரத்தின் கனத்தைச் சமன்செய்ய ரிம்மில் மாட்டுகிற ஈயக்கட்டியில். அந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மெஷினைக் கூட்டிவந்தது ரோடுதான் என்பது புரியும்.

திருமங்கலத்தில் பிரிகிற அந்த ரோடு தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வந்து எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் ஏறி, புனலூர் வழியாகக் கொல்லம் போகிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 208 என்றார்கள், இப்போது 744. மேற்கே மலை, கிழக்கே வயலும் தென்னந்தோப்பும். மலையைத் தாண்டினால் ரப்பர்க் காடு. டயருக்கு வேண்டிய பால் வடிகிற மரங்கள் அந்தப் பக்கம் நிற்க, டயர் தேய்கிற ரோடு இந்தப் பக்கம் கிடக்கிறது. 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்த பிறகும் இந்த ரோட்டின் பாரம் குறையவில்லை. ரயில் நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகவும் வண்டிதானே வேண்டும்?

தாத்தா தச்சு ஆசாரி. ஜமீன் இருந்த காலத்தில் சேத்தூரில் வண்டிப் பட்டறைக்கு வேலை ஓயாது. தேவதானம், முகவூர், தளவாய்புரம் பக்கத்து வண்டிகளெல்லாம் இங்கே வரும். ஒரு சக்கரத்துக்கு நடுவில் குடம், அதில் 12 ஆரக்கால், ஆரக்கால்களைச் சுற்றி 6 வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்று கணக்கு. ஆரக்காலுக்கு நன்றாக விளைந்த கருவேலம்தான் வேண்டும். மரம் அறுத்து நிழலில் போட்டுக் காயவைக்காமல் அவசரப்பட்டால், சக்கரம் முதல் கோடையிலேயே கடகடவென்று பேச ஆரம்பித்துவிடும். குடத்துக்குள் இரும்புப் பூண் இறக்குவார்கள். அச்சின் முனையில் கடையாணி. தேய்மானத்துக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. அந்தக் கறை வேட்டியில் பட்டால் போகாது.

பட்டா போடுகிற நாள் ஊருக்கே வேடிக்கை. இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொல்லாசாரி வளைத்து ஒட்டி வைத்திருப்பார். எவ்வளவு குறைவு என்பதில்தான் அவர் கைத்தொழில் இருக்கிறது. அதிகம் குறைத்தால் பட்டா இறுகும்போது ஆரக்கால் நெளிந்துவிடும். போதாமல் குறைத்தால் ஒரே மாதத்தில் கழன்றுவரும். தரையில் வட்டமாக வறட்டி அடுக்கி அதற்குள் பட்டாவைப் புதைத்துத் தீ மூட்டுவார்கள். சிவந்து விரிந்ததும் குறடுகளால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைத்து, மரம் கரிவதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க மூட்டுகள் ஒவ்வொன்றாகக் கடக் கடக்கென்று இறுகும். ஆணி ஒன்று அடிக்காமல் மரம் முழுவதையும் ஒரே வளையம் பிடித்துக்கொள்ளும். இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதைப் பள்ளிக்கூடத்துச் சார் சொல்வதற்கு முன்பே நாங்கள் அங்கே பார்த்திருந்தோம்.

கோடையில் மரம் வற்றிப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பிப் பட்டாவைப் பிடித்துக்கொள்ளும். கண்மாய் வற்றிவிட்டால் வட்டைக்கும் பட்டாவுக்கும் நடுவே ஆப்பு. இவைதான் அன்றைய பராமரிப்பு: மை போடு, ஊறவை, ஆப்பு அடி. கூடவே கோட்டம் பார்ப்பது உண்டு. அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டு, வட்டைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடிப்பார் தாத்தா. சக்கரம் குச்சியை எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்துத் தட்டிச் சரி செய்வார். பிற்பாடு சைக்கிள் கடைக்காரர்கள் போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்ததும் இதே வேலைதான். ஆனால் கோட்டம் வேறு, கனம் வேறு.

ரப்பருக்குப் போவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்தார் கோபித்துக்கொள்வார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுக்கிற நாளில் இந்த வட்டாரத்து ஜனம் முழுவதும் ரத வீதியில்தான் நிற்கும். அவ்வளவு பெரிய தேர். அன்று தேருக்கு ஸ்டீரிங் கிடையாது, பிரேக் கிடையாது. இரண்டு வேலையையும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் பார்த்தார்கள். உருளுகிற சக்கரத்தடியில் எந்தப் பக்கம், எந்தச் சாய்வில், எந்தக் கணத்தில் கட்டையைக் கொடுப்பது என்பது பரம்பரை வித்தை. கட்டையைக் கொடுத்த கையைச் சக்கரம் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். முன்பு மரச்சக்கரங்கள், இப்போது இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும். திருவாரூர் ஆழித்தேர் முதலான பெரிய தேர்களுக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த காலத்திலிருந்து தமிழ்நாட்டுத் தேர்களின் போக்கே மாறிவிட்டது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் திரும்புவதில்லை. நூறு டன் கனமானாலும் தேர்ச் சக்கரத்துக்கு யாரும் பேலன்ஸ் பார்க்கப் போவதில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் போகிற சக்கரத்துக்கு அது தேவையே இல்லை.

ரப்பரின் கதை உலகமறிந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் வாங்க ஆள் இல்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு வைத்தியர் ஜான் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி செய்தபோது சைக்கிள் மோகம் ஏறிக்கொண்டிருந்தது, டயர் பிழைத்துக்கொண்டது. ஒரு பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கிற ரோடும் வண்டியும் வந்திருக்க வேண்டும். ஈயக்கட்டிக்கும் இதே கதைதான் நடந்தது.

எங்கள் பக்கம் காற்றடைத்த டயர் முதலில் பஸ்ஸோடு வந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரை அவருடைய தலைமையிடமானது. அந்தக் காலத்து ரோட்டில் பஸ்ஸுக்கு முதல் எதிரி மாட்டின் லாடம். லாடத்திலிருந்து உதிர்கிற ஆணிகள் தலைகீழாக நின்று டயருக்காகக் காத்திருக்கும். காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கிய பிறகே டி.வி.எஸ். பஸ்கள் கிளம்பின என்று மதுரை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். எங்கள் தாத்தாவுக்கு அந்தக் கதை பிடிக்காது. “ரோடு எங்க மாட்டுக்குப் போட்டது. பின்னால வந்தவன் ஆணியைக் குத்தம் சொன்னா எப்படி?” என்பார். அவர் கட்சியும் சரிதான். ஆனால் பட்டா போட்ட சக்கரம் கப்பி ரோட்டை இரண்டு தடமாகக் கீறிவைத்ததும் உண்மை. பஸ்காரன் வண்டிக்காரனைத் திட்டினான், வண்டிக்காரன் பஸ்காரனைத் திட்டினான், இருவரும் சேர்ந்து ரோட்டு மேஸ்திரியைத் திட்டினார்கள்.

1942-ல் மலேயா ஜப்பான்காரர்கள் கைக்குப் போனதும் உலகத்து ரப்பரில் பெரும்பங்கு ஒரே அடியாக நின்றுபோனது. இந்தியாவில் டயருக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோலும் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். டயர் கிழிந்தால் தூக்கிப்போடுவது என்கிற எண்ணமே யாருக்கும் கிடையாது. கிழிசலுக்கு உள்ளே இன்னொரு டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டினார்கள். ‘காத்து இருக்கிறவரை வண்டி’ என்று லாரிக்காரர்கள் சொல்வது அந்தப் பஞ்சத்தில் பிறந்த புத்தி என்று நினைக்கிறேன்.

மாட்டு வண்டிக்கும் ரப்பர் வந்தது. மேற்கு வங்கத்துச் சாகாகஞ்சில் 1936-ல் ஆலை தொடங்கிய டன்லப் நிறுவனம் மாட்டு வண்டிக்கென்றே டயரும் அச்சும் விற்றது. எங்கள் பக்கம் அதற்கு டயர் வண்டி என்று பெயர். அதே ஜோடி மாடு பட்டா வண்டியில் இழுத்ததைவிட நிறைய பாரம் இழுத்தது. குடத்தில் மை தடவிய மர அச்சுக்குப் பதில் பேரிங். பிறகு புது டயர்கூட வேண்டாம், கழித்துப்போட்ட கார் அச்சும் லாரி டயரும் போதும் என்று ஆனது. 1970, 80-களில் பெங்களூர் ஐ.ஐ.எம். இயக்குநராயிருந்த என்.எஸ். ராமசாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். மாட்டின் கழுத்துக் காய்ப்பையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பார்த்த அபூர்வமான படிப்பாளி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சேத்தூர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. தாத்தா கடைசியாகச் செய்தது கட்டில் கால்களும் கதவு நிலைகளும்.

அப்பா தாத்தாவின் உளியைத் தொடவில்லை. ராஜபாளையத்தில் ஒரு வல்கனைசிங் கடையில் பையனாகச் சேர்ந்தார். அந்த ஊர் அப்போது வேகமாக எழுந்துகொண்டிருந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு நூற்பாலைகள் பெருகின. பஞ்சுப் பொதி உள்ளே வரும், நூல் கோன் வெளியே போகும், சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி போகும். எல்லாம் லாரி. லாரி என்றால் டயர், டயர் என்றால் வல்கனைசிங் கடை.

அந்தக் கடையில் கைச்சம்மட்டி, லீவர்கள், தண்ணீர்த் தொட்டி, காற்றுக்கு ஒரு கம்ப்ரசர் (1960-ல் தொடங்கிய கோவை எல்ஜியின் கம்ப்ரசர் வருவதற்கு முன் கைப்பம்பே கதி), அப்புறம் கிளாம்ப். டியூபை ஊதித் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் பென்சில் கோடு போட்டு, அரத்தால் உரசி, சொல்யூஷன் தடவி, பச்சை ரப்பர்த் துண்டை வைத்துக் கிளாம்பில் இறுக்குவார்கள். கிளாம்பின் தலையிலுள்ள கிண்ணத்தில் அளவாகப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால், அது எரிந்து தீர்கிற நேரம்தான் பேட்ச் வேகிற நேரம். கடிகாரம் கிடையாது. பெட்ரோலின் அளவே கடிகாரம். குட்இயர் அடுப்பில் கண்ட ரகசியம் ரோட்டோரக் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஆபத்தும் இருந்தது. 900, 1000 நம்பர் லாரி டயர்களின் டிஸ்க்கில் லாக் ரிங் என்று ஒரு இரும்பு வளையம் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்றேற்றினால், ரிங் பறந்து ஆளின் தலையை எடுத்துக்கொண்டு போகும். அப்பா டயரைக் குப்புறப் போட்டு, சங்கிலி சுற்றி, தூர நின்றுதான் காற்று பிடிப்பார். அவசரம் என்று டிரைவர் கத்தினாலும் சங்கிலி கட்டாமல் பிடிக்கமாட்டார். கிளீனர் பையன்கள் சின்னக் கட்டையால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். டங்கென்றால் காற்று இருக்கிறது, தொப்பென்றால் இறங்கியிருக்கிறது. பின் ஜோடி டயர்களின் நடுவே சிக்கின கல்லையும் அப்போதே நெம்பி எடுத்துவிடுவார்கள்.

பட்டன் தேய்ந்து மொட்டையான டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் அந்தக் காலத்து லாரித் தொழிலின் உயிர். இங்கே ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் ரீட்ரெடிங்குக்கான ரப்பர்ப் பட்டை செய்யத் துணிந்தார். 1961-ல் அமெரிக்க மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயரே செய்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். தமிழ்நாட்டு டயர்த் தொழிலின் பெரிய பெயர் புது டயரில் தொடங்காமல், பழைய டயருக்கு ஒட்டுப்போடுகிற ரப்பரில் தொடங்கியது என்பது அப்பாவுக்குப் பெருமை. “நம்ம தொழில்லேர்ந்து மேல போனவர்” என்பார், ஏதோ பக்கத்துக் கடைக்காரர் மாதிரி.

இந்த ஆண்டுகள் எதிலும் பேலன்சிங் என்ற பேச்சே எங்கள் பக்கம் கிடையாது. வெளிநாட்டில் அந்த வித்தை பழையது. சுழல்கிற பாகங்களின் கனத்தைச் சமன்செய்யும் மெஷினை ஜெர்மனியில் லவாசெக் என்ற பொறியாளர் 1907-ல் உருவாக்கினார். ஷெங்க் கம்பெனி அதை ஆலைகளுக்கு விற்றது. ராஜபாளையத்து மில்களிலும் மின்விசிறி, உருளை எல்லாம் சமன்செய்தே ஓடியிருக்கும். வாசலில் நின்ற லாரிக்கும் அம்பாசடருக்கும் மட்டும் அது தேவைப்படவில்லை. காரணம் எளியது. குண்டும் குழியுமான ஒற்றைத் தார் ரோட்டில், புளிய மரங்களுக்கு நடுவே, எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டிய ரோட்டில், 50 கிலோமீட்டர் வேகமே பெரிசு. ஸ்டீரிங் உதறினால் ரோடு உதறுகிறது என்று நினைத்தார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். சுழலுகிற பொருளின் ஓரத்தில் கூடுதலாக இருக்கிற கனம் வெளியே இழுக்கிற விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. 12 அங்குல ரிம் உள்ள சின்னக் கார்ச் சக்கரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதல் என்று வையுங்கள். மாட்டு வண்டி போகிற மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அது இழுக்கிற இழுப்பு வெறும் 9 கிராம் எடைக்குச் சமம். 40-ல் 900 கிராம். 80-ல் 3.6 கிலோ. 100-ஐத் தொட்டால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். அதுவும் ஒரு விநாடியில் 17 தடவை மேலும் கீழும் இழுக்கிறது. தாத்தா தராசு பிடிக்காததில் தப்பே இல்லை. அவர் காலத்து வேகத்துக்கு அந்தப் பிழை இல்லாத பிழை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் பக்கம் அது நிறையப் பழகியது 90-களில்தான். அம்பாசடருக்கு 15 அங்குல ரிம், மாருதிக்கு 12. ஒரே 80 கிலோமீட்டர் வேகத்தில் அம்பாசடர்ச் சக்கரம் நிமிடத்துக்கு 640 சுற்றுப் போல சுற்றினால், மாருதிச் சக்கரம் 830-ஐத் தாண்டும். வண்டியோ எடை குறைந்தது. அம்பாசடர் விழுங்கிவிடுகிற உதறலை மாருதி அப்படியே கையில் கொடுத்துவிடும். கூடவே ரேடியல் டயர் வந்தது. இந்தியாவில் ஜே.கே. டயர் 1977-லேயே ரேடியல் செய்தது என்றாலும் எங்கள் ஊர்க் கார்களில் அது பிற்பாடுதான் ஏறியது. அப்புறம் ரோடு. அகலமாயிற்று, வளைவுகள் நிமிர்ந்தன, தார் வழுவழுப்பானது. ரோடு உதறாமல் போன பிறகுதான் சக்கரம் உதறுவது தெரியவந்தது.

அப்பாவுக்கு ஒரு பழைய முறை தெரியும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் உரசாமல் தளர்த்திவிட்டுச் சுற்றிவிடுவார். நிற்கும்போது கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்கட்டியால் கோடு. நேர் எதிரே ரிம்மில் கொஞ்சம் ஈயம். மறுபடி சுற்று. எங்கே வேண்டுமானாலும் நின்றால் சரி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் காற்றடிக்கிற மவுத் இருக்கிற பக்கம் பெரும்பாலும் அடியில் வந்து நிற்குமே, அதே விஷயம். சக்கர ஒழுங்குக்கு, அதாவது இன்று அலைன்மென்ட் என்கிற வேலைக்கு, கொத்தனார் நூலைப் பிடித்தே முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தவர்களும் ராஜபாளையத்தில் இருந்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள்.

ஆனால் சுற்றிவிட்டு நிறுத்துகிற முறையில் ஒரு ஓட்டை உண்டு. சக்கரத்துக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு உண்டு. உள்முகத்தில் ஒரு ஓரமும் வெளிமுகத்தில் நேர் எதிர் ஓரமும் சம அளவு கனமாக இருந்தால், நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். ஓடும்போது சக்கரம் இடமும் வலமுமாகத் தலையாட்டும். அதை ஓடவிட்டுத்தான் பிடிக்க முடியும். மெஷின் அதைத்தான் செய்கிறது: சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, எந்த இடத்தில் என்று தனித்தனியாகச் சொல்கிறது. புதுச்சேரி மேனடெக் போன்றவர்கள் இந்த மெஷின்களை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு என்னைப் போன்ற சிற்றூர்க்காரனுக்கும் வழி பிறந்தது.

மெஷினை இறக்கிய புதிதில் ஒரு வாடிக்கையாளரோடு நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“என்ன அண்ணாச்சி, இத்தனூண்டு ஈயத்துக்கா இவ்வளவு ரூவா?”

“ஈயத்துக்கு இல்லண்ணே, அதை எங்க வைக்கணும்னு கண்டுபிடிச்சதுக்கு.”

“எங்க அப்பா காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா?”

“உங்க அப்பா காலத்துல மதுரைக்கு எத்தனை மணிநேரம் ஆச்சு?”

அதற்கு மேல் அவர் பேசவில்லை, பணமும் முழுசாகக் கொடுக்கவில்லை. இப்போது ஈயமே பெரும்பாலும் போய்விட்டது. ஐரோப்பாவில் ரோட்டில் உதிர்கிற ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு என்று 2005-ல் தடைசெய்தார்கள். இங்கேயும் இரும்பும் துத்தநாகமும் வந்துவிட்டன. அலாய் வீலுக்குப் பெரும்பாலும் கொக்கிக் கட்டி போடுவதில்லை, உள்பக்கம் ஒட்டுக் கட்டிதான். பெயர் மட்டும் ஈயக்கட்டி என்றே நிலைத்துவிட்டது.

பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம். கார் ஒரு பக்கமாக இழுத்தால், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், அது அலைன்மென்ட். 80-க்கு மேல் போனால் ஸ்டீரிங் உதறி, வேகம் மாறினால் அடங்கினால், அது பேலன்ஸ். டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இவ்வளவையும் மெஷினில்லாமல் கையால் தடவியே சொல்லிவிடலாம். தளவாய்புரத்து நைட்டி மூட்டைகளை ஏற்றுகிற லோடு ஆட்டோக்கள் பெரும்பாலும் ஓரம் தேய்ந்துதான் வரும். பாரத்துக்கு ஏற்ற காற்று இருக்காது. கரும்பேற்றிப் போகிற டிராக்டர் டிரெய்லர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

நைட்ரஜன் காற்று பற்றியும் கேட்கிறார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மீதிக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். ஓசியில் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அந்த சிலிண்டர் வாங்கவில்லை. புதுக்கார் வாங்கி, கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வருகிறவர்கள், அந்தச் சக்கரங்களில் காற்று எவ்வளவு என்று அடுத்த மூன்று மாதம் பார்ப்பதில்லை. பழத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை.

குற்றாலச் சீசனிலும் கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் சீசனிலும் எங்கள் ரோடு வேறு ரோடு. கூட்டம் கூட்டமாக வண்டிகள் செங்கோட்டை நோக்கிப் போகும். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர், கூரையில் பை மூட்டை, டயரில் ஊரில் எப்போதோ பிடித்த காற்று. இளகிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலே சூடாகிறது. சூடு ஏறினால் ரப்பரும் உள்ளே இருக்கிற நூலும் பிரிகின்றன. வெடித்த பிறகு கடைக்கு வருகிற டயர்களில் ஆணி குத்தியவை குறைவு. உள்சுவர் பொடிப்பொடியாக உதிர்ந்து, காற்றுக் குறைவில் ஓடிச் செத்தவையே அதிகம். டயரைக் கழற்றிய பிறகே அது கண்ணுக்குத் தெரியும்.

வயதும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. வெயிலில் நின்ற டயர் ஓடாமலே கிழடாகும். பட்டனின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மோட்டார் வாகன விதியும் காருக்கு அதற்குக் கீழே போகக் கூடாது என்றே சொல்கிறது. மழையில் ஆரியங்காவு இறக்கத்தில் அந்த டயர் ரோட்டைப் பிடிக்காது.

பேலன்சிங் எப்போது வேண்டும் என்று கேட்டால், கடைக்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன். புது டயர் மாட்டினால் கட்டாயம். டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினால் பார்த்துக்கொள்வது நல்லது. பள்ளத்தில் பலமாக விழுந்து, அதன் பிறகு உதறினால் வாருங்கள். உதறலே இல்லாமல் ஊருக்குள் நாற்பதில் ஓட்டுகிறவர் மாதாமாதம் வர வேண்டாம். ஆனால் காற்று மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அதுவும் வண்டி ஓடுவதற்கு முன் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. எத்தனை பவுண்டு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும், முழு ஆளும் சாமானும் ஏற்றினால் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். டிக்கிக்குள் கிடக்கிற ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரத்துக்கும் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.